தெரியாது என்று சொல்லும் நிரல்

சேமி அங்கிளின் டாக்சி தெருமுனை திரும்பும்போதே இரண்டு முறை ஹார்ன் அடிக்கும். செவ்வாய்க்கிழமை காலை அது சத்தமில்லாமல் வந்து எங்கள் வேலியோரம் நின்றது. எந்த வண்டி நின்றாலும் நான் பின்வாசலுக்குப் போய், கரும்புக்குள் ஓடத் தயாராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அங்கே நின்றுதான் கேட்டேன். சேமி அங்கிள் ஃபிஜியின் பூர்வகுடிக்காரர், எங்களோடு இந்தியில் பேசுவார். "செல்லம்மா கயீ," என்றார். செல்லம்மா போய்விட்டாள் என்று. அம்மா, "எங்கே? சிட்னிக்கா?" என்று கேட்டாள். எங்கள் தெருவில் இந்த மூன்று மாதத்தில் போனவர்கள் எல்லாரும் சிட்னிக்கோ ஆக்லாந்துக்கோ வான்கூவருக்கோதான் போனார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

செல்லம்மா அக்காவைத் தெரிந்தவர்களே, அவருடைய பதினாறாம் நாளில் கூடியிருக்கும் நீங்கள் இதைக் கேட்கும்போது நான் இந்த லவுத்தோக்கா ஊரில் இருக்க மாட்டேன். இருந்தால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு பள்ளி நோட்டில் எழுதுகிறேன். நாளை காலை இதைச் சேமி அங்கிளிடம் கொடுப்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது. வழியில் யாராவது பிடுங்கினாலும் அவர்களுக்கும் தெரியாது. பூசாரி ஐயா, நீங்கள் வாசித்து, அக்காவின் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் இந்தியில் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. தகனத்துக்கு நான் வரவில்லை. எங்கள் வீட்டை யார் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா கதவைப் பூட்டிவிட்டு, அழுவதானால் தலையணையில் அழு என்றாள். புகை எழும் திசையை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அன்று வெட்டுவதற்கு முன் வயலில் கரும்பையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். எது எந்தப் புகை என்று பிரிக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் அக்கா வேலை செய்தார் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களில் பலருடைய விசாப் படிவங்களை அவர்தான் தட்டச்சு செய்தார். அவரைப் பார்க்க நான் பள்ளி முடிந்து எதற்காகப் போனேன் என்பது தெரியாது. அதை இப்போது சொல்லலாம்.

என் அப்பா கரும்பு விவசாயிகளின் கூட்டம் ஒன்றில் பேசினார். ஆட்சியைத் துப்பாக்கியோடு பிடித்தவர்களைப் பற்றிப் பேசினார். மறுவாரம் நான்கு பேர் வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டார்கள். அப்பா அதற்கு முன்பே ஆக்லாந்துக்குப் போய்விட்டார். போனில் பேசப் பயந்து, கடையின் மின்னஞ்சலுக்குத் தமிழில் எழுதி அனுப்புவார். இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, வாசிக்கிறவர்கள் சிலர்தான். அம்மா திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எனக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவதும் பாதி இந்திதான். முதல் கடிதம் திரையில் வந்தபோது அது புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும் பவுண்டு குறிகளுமாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா சிரித்தார்.

"அரே பாப்பா, உங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆளு அதேதான், கடைக்கு ஒரு சட்டை போட்டுக்கிட்டு வராரு. எந்தச் சட்டைன்னு கண்டுபுடிச்சாப் போதும்."

ஆக்லாந்தில் அப்பா ஒரே கம்ப்யூட்டர் கடையிலிருந்து இரண்டு முறை எழுதமாட்டார். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள் என்று அக்கா விளக்கினார். 127 வரையிலான எண்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள்: ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை, புள்ளி, காற்புள்ளி. அதற்கு மேலே உள்ள எண்களில் தமிழ் எழுத்துகளை ஆளுக்கொரு வரிசையில் அடுக்கியிருந்தார்கள். ஒருவருக்கு 'க' என்றிருக்கும் எண் இன்னொருவருக்கு 'ணு'. எந்த வரிசை என்று கோப்பின் தலையில் ஒரு வரி எழுதியிருந்தால் கஷ்டமே இல்லை. யாரும் எழுதுவதில்லை.

எண்களை மட்டும் பார்த்து வரிசையைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுத ஆரம்பித்தார். அதில் பாதி வேலையை என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு எண்ணு தெரியும், உனக்கு எழுத்து தெரியும். சொல்லு, தமிழ்ல ஜாஸ்தி வர எழுத்து எது?"

"தெரியலக்கா."

"எண்ணிப் பாரு. நான் என்ன சொல்றது?"

அம்மாவின் பழைய வாரப்பத்திரிகையில் பத்துப் பக்கங்களை மதிய உணவு நேரங்களில் எண்ணினேன். எந்த எழுத்து எத்தனை முறை, எதற்குப் பின் எது. எந்த எழுத்து ஒரு வார்த்தையின் முதலில் வரவே வராது என்றும் கேட்டார். புள்ளி வைத்த எழுத்து வராது, 'ண' வராது, 'ழ' வராது என்று பட்டியல் கொடுத்தேன். நிரல் ஒரு கோப்பை எடுத்து, முதலில் அது எல்லா மொழிக்கும் பொதுவாகப் புதிதாக வந்த யூனிகோடு வரிசைதானா என்று சோதிக்கும். அதில் பெரிய எண்கள் ஓர் ஒழுங்கோடுதான் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அந்த ஒழுங்கு எங்கேயாவது தவறினால் அது யூனிகோடு அல்ல. பிறகு அக்கா திரட்டியிருந்த பழைய வரிசைகள் நான்கையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். வரவே கூடாத எழுத்து வார்த்தையின் தலையில் வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கும், அடிக்கடி வரவேண்டியது வந்தால் கூட்டும். கடைசியில் அதிக மதிப்பெண் பெற்ற வரிசையின் பெயரைச் சொல்லும். முதல் முறை அது சரியாகச் சொன்னபோது திரையில் 'என் கண்ணுக்கு' என்று அப்பாவின் கடிதம் விரிந்தது. அக்கா என் டப்பாவிலிருந்த இரண்டு ரொட்டியையும் எடுத்துத் தின்றுவிட்டு, "ஃபீஸ்" என்றார்.

பிறகு ஒரு நாள் கடை முதலாளிக்கு நுமேயா நகரிலிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. விளையாட்டாக அதையும் நிரலுக்குக் கொடுத்தோம். அது தயங்கவே இல்லை. தமிழ் என்று சொல்லி, எந்த வரிசை என்றும் சொன்னது. முதலாளி, "செல்லம்மா, உன் மெஷினுக்கு நான்கூடத் தமிழன்தான் போலிருக்கு" என்று இந்தியில் கேலி செய்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிப்பதைப் பாதியில் நிறுத்தினார்.

"இது மோசம் பாப்பா. எது கொடுத்தாலும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லிடுது. எப்பவும் பதில் வச்சிருக்கிற ஆளு ரொம்ப ஆபத்து."

அன்று நிரலுக்கு இன்னொரு பதிலைச் சேர்த்தார். முதல் இரண்டு மதிப்பெண்களும் நெருங்கி இருந்தாலோ, எல்லாமே குறைவாக இருந்தாலோ அது எந்தப் பெயரையும் சொல்லக்கூடாது. 'தெரியாது' என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தமிழில் திரையில் காட்ட வேண்டும் என்று என்னை எழுதிக் காட்டச் சொல்லி, அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

அவர் இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "பாக்கலாம், சேவ் பண்ணக்கூடாது. முதல்ல ஒரு காப்பி." தவறான வரிசையில் திறந்து அப்படியே சேமித்துவிட்டால், புரியாத எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பிறகு எந்த நிரலாலும் அவற்றை மீட்க முடியாது.

அக்கா பயப்படாதவர் என்று இந்த நாட்களில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மையில்லை. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். கைப்பையிலிருந்து மூச்சுக்கான மருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைப்பார். ஒரு மாலை நாங்கள் போன பஸ்ஸை சர்க்கரை மில்லுக்கு அருகே நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் அவர் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து, இதில் என்ன என்று கேட்டான். அதில் அப்பாவின் கடிதம் இருந்தது, இன்னும் நாங்கள் திறந்து பார்க்காதது. அக்கா அவனைப் பார்த்து, "நஹி மாலும்," என்றார். தெரியாது. "கண்டுபுடிக்கத்தான் வீட்டுக்கு எடுத்துப் போறேன்." அவன் என்ன நினைத்தானோ, சிரித்துத் திருப்பிக் கொடுத்தான். இறங்கியதும் அக்கா தண்டவாளக் கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். "பொய் சொல்லியிருந்தா மூஞ்சியில தெரிஞ்சிருக்கும்," என்றார்.

இனி சொல்வதுதான் எனக்குக் கடினம்.

கடைசிக்கு முந்தைய கடிதம் வந்த நாளில் அக்கா இழுப்பு அதிகமாகி வீட்டில் இருந்தார். ஊரில் எந்த மருந்துக்கடையிலும் பம்ப் இல்லை. எங்களுக்கு உதவ வேண்டும் என்று முதலாளிக்கு எண்ணம். கடிதத்தைத் தானே திறந்து, சேமித்து, வந்தபடியே அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தார். பாதிப் பக்கம்தான். புள்ளிகளும் பவுண்டு குறிகளும் கேள்விக்குறிகளும். நடுவில் மூன்று இடங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. 14. Nadi. 6.30. அப்பா ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்திருந்தார். எண்கள் எந்தச் சட்டையிலும் மாறாதவை.

"பதினாலாந் தேதி, நாடி ஏர்போர்ட், சாயங்காலம் ஆறரை," என்றாள் அம்மா. "கிளம்பச் சொல்லுதாவ. டிக்கெட் அங்கனயே இருக்கும் போல. ஏட்டி, நீ என்ன சொல்லுத?"

நான் அந்த நிரலுக்கு எழுத்து எண்ணிக் கொடுத்தவள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டியவள். எனக்கு இந்த வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. "ஆமாம்மா, அதுதான்," என்றேன்.

இரண்டே நாள் இருந்தது. போன் வேலை செய்யவில்லை. அம்மா ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கினாள், சாமி படத்தைச் சேலைக்குள் சுற்றினாள். நாங்கள் போவதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது முதலாளி மூலம்தான். கடிதம் வந்தது, அச்சிட்டுக் கொடுத்தேன், அவர்கள் கண்ணில் சந்தோஷம் தெரிந்தது என்று மறுநாள் கடைக்கு வந்த அக்காவிடம் அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அக்கா அவரைத் திட்டி, மின்னஞ்சல் பெட்டியில் கெடாமல் இருந்த மூலத்தை ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு போய், வீட்டிலிருந்த கம்ப்யூட்டரில் நிரலுக்குக் கொடுத்திருக்கிறார். நிரல் 'தெரியாது' என்றது.

பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்குச் சேமி அங்கிள் பெட்டியை டாக்சியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் கரும்பு ரயில் போகும் தண்டவாளத்தின் வழியாக அக்கா வந்தார். பெரிய சாலையில் தடுப்புகள் இருந்ததால் நான்கு மைல் அந்த வழியே நடந்திருக்கிறார். இரண்டு பக்கமும் வயலில் தீ வைத்திருந்தார்கள். முகத்திலும் முடியிலும் சாம்பல். பேச முடியவில்லை. இரண்டு தாள்களை என் கையில் வைத்து, விரலால் 'வாசி' என்று காட்டினார்.

ஒரே கடிதம், இரண்டு வரிசைகளில் அச்சிட்டது. இரண்டுக்கும் நிரல் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கொடுத்திருந்தது. அக்காவால் இரண்டையுமே வாசிக்க முடியாது. எது சரி என்று ஊகிக்காமல் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அதிக மதிப்பெண் பெற்ற தாள் வெறும் உளறல். மற்றதை எடுத்தேன். அப்பா அவசரத்தில் அடித்திருந்தார், எழுத்துகள் விட்டுப்போயும் முன்பின்னாகியும் கிடந்தன. அவருடைய பயம் எங்கள் விதிகளையெல்லாம் உடைத்திருந்தது. அதனால்தான் நிரலால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் அது அப்பாதான். உரக்க வாசித்தேன்.

'14ஆம் தேதி எக்காரணம் கொண்டும் Nadi பக்கம் வராதீர்கள். அன்று மாலை 6.30 வரை வாசலில் பாஸ்போர்ட் பார்ப்பவன் நம் வீட்டுக்கு வந்த நால்வரில் ஒருவன். உங்களைப் பிடித்து வைத்தால் நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த கடிதம் வரும்வரை காத்திருங்கள்.'

சேமி அங்கிளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். மூச்சு சற்று வந்ததும் அம்மாவைப் பார்த்து, "அண்ணி, இன்னிக்கு சமையல் உண்டா, இல்ல வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். அம்மா சிரிக்க முயன்று அழுதாள்.

"நான்தான் ஆமான்னு சொன்னேன் அக்கா," என்றேன்.

"தெரியும்," என்றார். "நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே அந்த ப்ரோகிராம் எழுதினேன்."

சேமி அங்கிள் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கள் இரவு இறந்தார். நாங்கள் பார்க்கப் போகவில்லை.

அவருடைய அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்காக அந்தப் புகைக்குள் நடந்ததால்தான் அக்கா இறந்தாரா என்று ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்று சொன்னால் குற்றத்தை முழுவதும் எடுத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இல்லை என்று சொன்னால் தூங்கலாம். அம்மா, "ஏற்கெனவே சீக்கு இருந்தது தாயி," என்கிறாள். அவள் சொல்வது எனக்காக. அண்ணா, எனக்குத் தெரியாது. அக்கா சொல்லியிருக்கக்கூடிய பதிலைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி. நான் ஊகித்து எதையும் சொல்லமாட்டேன்.

அடுத்த கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்து, முதலில் ஒரு காப்பி எடுத்து, நிரலை ஓட்டினேன். அது தயங்காமல் வரிசையைச் சொன்னது. கடிதத்தில் இருந்தபடி நாளை கிளம்புகிறோம். சேமி அங்கிள் ஹார்ன் அடிக்க மாட்டார். வாசலில் நிற்பவன் வேறு ஆளாக இருப்பான் என்று அப்பா எழுதியிருக்கிறார். இருப்பானா என்று நான் இப்போதே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் எழுத வராது. டார்ச் வெளிச்சமும் மங்குகிறது.

கையில் எழுத்து ஒன்றும் இருக்கக்கூடாது என்று பதினான்காம் தேதிக் கடிதத்தை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். எரிந்தது சரியான தாள். மற்ற தாள் என்னிடம் இருக்கிறது, பள்ளி அட்லஸின் அட்டைக்குள். அதன் ஓரத்தில் அக்கா பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அவருடைய பொருள் என்று நான் எடுத்துப்போவது அது ஒன்றுதான். நாளை அதை யாராவது விரித்துப் பார்த்தால் அவர்களால் வாசிக்க முடியாது. என்னாலும் முடியாது. 14, Nadi, 6.30 என்பவை மட்டும் தெளிவாகத் தெரியும். பார்ப்பவர்களும் எங்களைப் போலவே, அன்றைக்குக் கிளம்பச் சொன்ன கடிதம் என்றுதான் நினைப்பார்கள்.